பாலத்தடி வாடகை ஹெல்மெட்

நம்பாதவர்கள் இத்தோடு பக்கத்தைப் புரட்டிக்கொண்டு போகலாம். யாரையும் கெஞ்சப் போவதில்லை. பேய், பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போகிற ஆள் நான். இருந்தும் இது எனக்கு நடந்தது. இந்தக் காதிலிருந்து அந்தக் காது வரை, தாடைக்கு அடியில், ஒரு விரல் அகலத்துக்குச் சிவந்த தடம் இருந்தது. பல நாள் மறையவில்லை. கூட வேலை பார்க்கிற ஒருத்தி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தூக்குல தொங்கப் பாத்தியாடி?" என்றே கேட்டாள்.

நான் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை பார்க்கிறேன். தலையில் அடிபட்டு வருகிறவர்களைப் படுக்கவைத்து, நெற்றியில் பட்டை போட்டு இறுக்கி, மிஷினுக்குள் தள்ளிப் படம் பிடிப்பது என் வேலை. மண்டைக்குள் கசிந்த ரத்தம் திரையில் வெள்ளையாகத் தெரியும். மழைக்காலச் சாயங்காலங்களில் அந்த வெள்ளையைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் பைக்கில் போனவர்கள்தான். "ஹெல்மெட் போட்டிருந்தாரா?" என்று கூட வந்தவர்களைக் கேட்பேன். "போட்டுத்தாம்மா இருந்தாரு. கழண்டு ஓடிடுச்சு" என்பார்கள். ஓடுவதற்கு அது என்ன கோழியா?

என் அண்ணன் பைக்கில் பார்சல் கொண்டுபோகிறவன். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். நான் படித்து முடிக்கிற வரைக்கும் பார்சல் சுமந்து குடும்பத்தைத் தள்ளியவன் அவன். அந்த உரிமையில் என் பேச்சு எதையும் காதில் போட்டுக்கொள்ள மாட்டான்.

"என் தலை, என் இஷ்டம்" என்பான்.

"உடைஞ்சா மிஷினுக்குள்ள தள்ளப் போறது நானு. அப்ப அது யாரு இஷ்டம்?"

"வந்துட்டாங்க டாக்டரம்மா."

ஊரை இரண்டாகப் பிரிக்கிற ஆற்றின் மேல் நீளமான பாலம். இரண்டு முனையிலும் போலீஸ் நிற்கும். தலையில் ஏதாவது கவிழ்ந்திருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். ஒரு முனையில், போலீஸ் நிற்கிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு பெரிய குடை. குடைக்கடியில் கயிறு கட்டி வரிசையாக ஹெல்மெட்டுகள். எல்லாம் வாடகைக்கு. சில்லறையைக் கொடுத்து ஒன்றைக் கவிழ்த்துக்கொண்டு பாலத்தைத் தாண்டலாம். மறுமுனையில் ஒருவன் சாக்கோடு நிற்பான். அவனிடம் கழற்றிக் கொடுத்துவிட்டு வெறுந்தலையோடு போய்க்கொண்டே இருக்கலாம். அங்கிருந்து வருகிறவர்களின் தலையில் அவன் அதையே கவிழ்த்துத் திருப்பி அனுப்புவான். குடைக்கடியில் நிற்பவளை எல்லோரும் குடையம்மா என்பார்கள். மறுமுனையில் நிற்பவன் அவளுடைய கொழுந்தன். அவனுக்குப் பேரே சாக்கு.

போலீஸுக்கு இது தெரியாதா? கண்ணெதிரில்தான் நடக்கிறது. சட்டம் காப்பாற்ற நினைப்பது தலையையா, அதன்மேல் கவிழ்த்த சட்டியையா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அண்ணன் குடையம்மாவின் நிரந்தர வாடிக்கை. தினமும் பலமுறை பாலம் ஏறி இறங்குவான். அவன் தாடைக்கு அடியிலும் லேசாக ஒரு சிவப்புக் கோடு இருந்தது. கேட்டால், "ஷேவ் பண்றப்ப பட்டது" என்றான்.

ஷேவ் பண்ணாத நாளிலும் அது இருந்தது.

அன்று சாயங்காலம் மழை. எங்கள் சென்டருக்கு ஒரு பெட்டியைக் கொடுக்க வந்தான். தலையில் ஹெல்மெட் இல்லை. பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக் காதோடு முடிச்சுப் போட்டிருந்தான். முடி நனையக் கூடாதாம். அடுத்து அவன் போக வேண்டியது பாலத்துப் பக்கம் இல்லை. நெடுஞ்சாலை வழியாக அடுத்த ஊருக்கு.

"ஹெல்மெட் எங்க?"

"அது பாலத்துக்கு. ஹைவேல ஒரு போலீஸும் கிடையாது."

"லாரி கிடையாதா?"

"லாரிக்காரன் நமக்கு மாமன் மாதிரி. நடுவுல புகுந்தா வழி விடுவான்."

வண்டி நிறுத்துமிடத்தில் நாலு பேர் பார்க்க, என் ஹெல்மெட்டை எடுத்து அவன் பிளாஸ்டிக் பைக்கு மேலேயே கவிழ்த்தேன்.

"நீ எதுல போவ?"

"உன் குடையம்மாகிட்ட வாங்கிக்கிறேன். லாக் போடு."

"அது அதுவா லாக் ஆயிடும்."

"எது?"

"கவுத்தா தானா லாக் ஆயிடும். நீ படிச்சவ. உனக்குத் தெரியாதா?"

சிரித்தான். வழக்கம்போல என்னை வெறுப்பேற்றுகிறான் என்றுதான் நினைத்தேன். நானே போட்டுவிடக் கையை நீட்டினேன். அதற்குள் வண்டி வாசலைத் தாண்டிவிட்டது.

நான் வீட்டுக்குக் கிளம்பும்போது இருட்டிவிட்டது. குடைக்கடியில் வரிசை நின்றது. குடையம்மா யார் முகத்தையும் பார்க்கவில்லை. பானையை மூடி வைக்கிற மாதிரி, வருகிற தலைக்கெல்லாம் ஒவ்வொன்றாகக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். என் முறையும் வந்தது. உள்ளே நனைந்த பஞ்சு. ஊரிலுள்ள தலையெண்ணெய் மொத்தமும் மூக்கில் ஏறியது.

"பட்டை எங்கம்மா? கையில சிக்கல."

"போங்கம்மா, பின்னால ஆள் நிக்குது. அது பாத்துக்கும்."

பின்னாலிருந்தவன் ஹாரனை அழுத்தினான். வண்டியை எடுத்தேன்.

போலீஸ்காரர் பார்த்தார். கையசைத்தார். அவ்வளவுதான் சட்டம்.

பாலத்து ஏற்றத்தில் வண்டி ஊர்ந்தபோது, ஒரு கையால் தாடைக்கடியில் தடவினேன். இடது பக்கம் கட்டை விரல் நீளத்துக்கு ஒரு துண்டு தொங்கியது. வலது பக்கமும் அப்படியே. அறுந்ததில்லை. நறுக்கென்று வெட்டியது. எனக்கு வந்த கோபத்தில் தலையைச் சிலுப்பினேன். ஹெல்மெட் தலைமேல் குடுகுடுவென்று ஆடியது. திரும்பிப் போய்ச் சண்டை போட்டிருப்பேன். திரும்ப வழியில்லை.

பாலத்தின் நடுவில் எல்லாம் நின்றுவிட்டது. இடது பக்கம் பஸ். வலது பக்கம் வரிசையாகக் கார்கள். நடுவில் என் ஸ்கூட்டர் நுழைகிற அளவுக்கு ஒரு சந்து. பைக்குகள் இப்படிப் புகுந்து போனால் கார்க்காரர்களுக்கு எரியும். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பாட்டுக் கேட்கிறவனுக்கு மழையில் நிற்கிறவள் பாடு என்ன தெரியும்? புகுந்தேன்.

அப்போதுதான் கேட்டது.

டிக்.

வலது காதுக்குக் கீழே. ரொம்பப் பக்கத்தில்.

ஹெல்மெட் ஆடுவது நின்றது. யாரோ இழுத்துப் பூட்டிய மாதிரி தலையோடு இறுகிவிட்டது. எச்சில் விழுங்கினேன். தொண்டையில் இடித்தது.

மறுபடியும் தடவினேன். வெட்டிய துண்டுகள் அப்படியே தொங்கின. நடுவில் எதுவும் இல்லை. என் தோல்தான். ஆனால்... அழுத்தியது.

பட்டை இல்லை அது.

விரல்கள்.

பின்னாலிருந்து இரண்டு கைகள் வந்து, என் தாடைக்கடியில் கோத்துக்கொண்டிருந்தன. சில்லென்று இருந்தது. அதில் ஒரு விரல் மட்டும் தோலுக்கும் இறுக்கத்துக்கும் நடுவே நுழைந்தது. லேசாக இழுத்தது. சரியாக இறுகியிருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி... மிஷினில் படுத்திருப்பவர்களின் நெற்றிப் பட்டையை நான் தினமும் அப்படித்தான் இழுத்துப் பார்ப்பேன்.

கண்ணாடியில் பார்த்தேன். பின்னால் யாரும் இல்லை.

திரும்பிப் பின் இருக்கையைப் பார்த்தேன்.

மழை கொட்டுகிறது. என் மடி சொட்டச் சொட்ட நனைந்திருக்கிறது. பின் இருக்கை... காய்ந்திருந்தது.

"யாரு?"

மூச்சுச் சத்தம் கூட இல்லை.

"விடு. விடுன்னு சொல்றேன்ல."

பஸ் ஜன்னலில் இருந்த பெரியவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பார்க்கட்டும். எனக்குப் பயத்தை விடக் கோபம்தான் முந்திக்கொண்டு வந்தது. கேட்காமல் என்மேல் கை வைக்க யார் நீ? ஹெல்மெட்டை ஒரு கையால் பிடித்து மேலே தள்ளினேன். அசையவில்லை. விரல்கள் இன்னும் கொஞ்சம் இறுகின.

பிடியை உதறினால் போதும் என்று வண்டியை முறுக்கினேன்.

முன்னால் ஒரு கார்க் கதவு திறந்தது.

அவ்வளவுதான் தெரியும்.

தலை தார்ச்சாலையில் மோதியது. ஒரு தடவை. எகிறி, இன்னொரு தடவை. கண்ணுக்கு எதிரே பஸ்ஸின் சக்கரம். அது மெதுவாக ஒரு சாண் உருண்டது...

நின்றது.

ஹெல்மெட் நூலளவும் நகரவில்லை. கைகள் என்னோடு சேர்ந்தே விழுந்திருந்தன. விடவில்லை.

"கண்ணு தெரியல?" என்றார் கார்க்காரர், குடையை விரித்துக்கொண்டே.

"கதவைத் திறக்குறவனுக்குத்தான் கண்ணு வேணும்" என்றேன்.

பாலத்திலிருந்து எப்படி இறங்கினேன் என்று தெரியாது. சாக்கு நின்றிருந்தான். ஹெல்மெட்டைப் பிடித்துத் தூக்கினான். வரவில்லை. அவன் ஆச்சரியப்படவில்லை. கையை எடுத்துவிட்டுச் சும்மா நின்றான்.

"கொஞ்சம் இருங்க. விட்டுடும்."

"எது விடும்?"

அவன் ஆற்றைப் பார்த்தான்.

டிக்.

ஹெல்மெட் தானாகத் தளர்ந்தது. அவன் அதை எடுத்துச் சாக்கில் போட்டான்.

"மழை வலுக்குது. கிளம்புங்க" என்றான்.

போனை எடுத்தேன். ஏழு இருபத்திரண்டு. தெரியாத எண்ணிலிருந்து ஐந்தாறு அழைப்புகள்.

அண்ணன் நெடுஞ்சாலையில் விழுந்திருந்தான். இரண்டு லாரிக்கு நடுவே புகுந்திருக்கிறான். மாமன் வழி விடவில்லை. எங்கள் சென்டருக்குத்தான் கொண்டுவந்தார்கள். மிஷினுக்குள் தள்ளியது வேறு ஆள். என்னை விடவில்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று திரையைப் பார்த்தேன்.

வெள்ளை.

அவனைத் தூக்கி வந்தவர் என் ஹெல்மெட்டையும் கையில் வைத்திருந்தார். ஒரு கீறல் இல்லை. பட்டை முழுசாக இருந்தது. கொக்கி திறந்தே இருந்தது.

"போட்டுத்தாம்மா இருந்தாரு" என்றார். "கழண்டு ஓடிடுச்சு."

பிழைத்துக்கொண்டான். வலது கை இன்னும் சரியாக வரவில்லை. பேச்சு திரும்பவே வெகு நாள் ஆயிற்று. வார்த்தை வார்த்தையாகத் தேடித்தான் பேசினான். நான் கேட்காமல் இருந்திருக்கலாம். என்னால் முடியவில்லை.

"லாக் போட்டியா?"

"இல்ல."

"ஏன்ணா?"

"அதுவா... ஆகும். தினமும் ஆகும். பாலம் ஏறினா... டிக்குனு. அன்னைக்கும் பாத்தேன். ஊர் தாண்டுற வரைக்கும்... காத்துக்கிட்டே இருந்தேன். ஆகல."

பாலம் ஏறி இறங்கியவன் ஒருநாளும் தாடைக்கடியில் தடவிப் பார்த்ததில்லை. எல்லா ஹெல்மெட்டும் அப்படித்தான் என்று நினைத்திருக்கிறான். என்னை வெறுப்பேற்றவில்லை அவன். நிஜமாகத்தான் சொல்லியிருக்கிறான்.

அவன் இதைச் சொன்ன மறுநாள் பட்டப்பகலில் குடைக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன்.

"பட்டையை எதுக்கு வெட்டினீங்க?"

"மாட்டிக் கழட்ட நேரமாகுதும்மா. வரிசை நிக்குது. போலீஸு சத்தம் போடுறாரு." குடையம்மா ஹெல்மெட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "ஒரே ராத்திரில எல்லாத்தையும் வெட்டிட்டோம்."

"வெட்டினது எங்க?"

அவள் கை நின்றது. என் கழுத்தைப் பார்த்தாள். இன்னும் மறையாத அந்தத் தடத்தை. பிறகு முக்காலிக்கு அடியிலிருந்து ஒரு தகர டப்பாவை இழுத்து மூடியைத் திறந்தாள்.

டப்பா நிறையக் கறுப்புப் பட்டைகள். கொக்கிகள். சில பூட்டியிருந்தன. சில திறந்திருந்தன.

ஒரு பையன் பைக்கில் வந்தான். காசைக் கொடுத்தான். ஒரு ஹெல்மெட்டைக் கவிழ்த்துக்கொண்டு பாலத்தில் ஏறினான். நான் டப்பாவை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

யாரும் தொடவில்லை. காற்றில்லை.

ஓரத்தில் கிடந்த ஒரு பட்டை மெதுவாகப் புரண்டது. அதன் கொக்கியின் இரண்டு பாதிகளும் ஒன்றையொன்று தேடின...

டிக்.

ஓரடி பின்னால் நகர்ந்தேன்.

"யாரு... இது?"

"கேக்காதீங்கம்மா." குடையம்மாவின் குரல் இறங்கிப்போயிருந்தது. "நாங்களும் கேட்டதில்ல. கேட்டா நின்னுடுமோன்னு பயமா இருக்கு."

"இத்தனை பேருக்குப் போடுதே. எங்கண்ணனுக்கு ஏன் போடல? தினமும் வருவானே உங்ககிட்ட. அன்னைக்கு ஏன் போடல?"

தெருவே திரும்பிப் பார்த்தது. குடையம்மாவுக்குக் கோபம் வரவில்லை. நான் ஏதோ புரியாமல் கேட்கிறேன் என்பது போல என்னைப் பார்த்தாள்.

"அது எங்க ஹெல்மெட் இல்லையேம்மா" என்றாள்.

பிறகு மூடியை மூடி, டப்பாவைக் காலால் உள்ளே தள்ளினாள். என்னைக் கொஞ்சம் நகரச் சொன்னாள். அடுத்தவன் தலையை நீட்டிக்கொண்டு நின்றான்.