பள்ளிக்கூடம் பார்க்கப் போன சவிரிமுத்து அண்ணை

செய்தி வந்தபோது நான் இத்தாலியில், பலேர்மோ நகரின் சீசாப் பகுதியில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் படிகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். மேலே தொடங்கினால் கீழே வரைக்கும் நிற்காமல் வரவேண்டும். பாதியில் விட்டால் திட்டுத் திட்டாகக் காய்ந்துபோகும். அடுத்த நாள் யாராவது ஒரு சிஞ்ஞோரா, வீட்டுக்கார அம்மா, கதவைத் திறந்து முறைப்பாடு சொல்வார். பங்குக் கோயிலில் பாட்டுக்குழு நடத்தும் தம்பி ஒருவர் அழைத்து, "அண்ணை, சவிரிமுத்து அண்ணை மோசம் போயிட்டார். விடிய ஆஸ்பத்திரியிலை உயிர் போனதாம். இதயம்" என்றார். நான் "ஓம்" என்றேன். பிறகு மிச்சப் படிகளையும் கழுவி முடித்தேன். இதைக் கல்நெஞ்சு என்று நினைப்பவர்கள் நினைக்கட்டும். அவரோடு இத்தனை வருடம் சேர்ந்து படி கழுவியவன் நான். அவரும் அதைத்தான் செய்திருப்பார்.

அன்று பின்னேரம் நகரின் மறுபக்கத்துப் பிரான்காச்சோவிலிருந்து ஒரு தாய் அழைத்தார். அவருடைய மகளுக்குப் பள்ளிக்கூடம் தேடி அண்ணையும் நானும் அலைந்துகொண்டிருந்த நாட்கள் அவை. அழுதார், மெய்யாகவே அழுதார். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "அப்ப ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடம் பாக்க எங்களோடை ஆர் வாறது?" எனக்குக் கோபம் வந்தது. ஆனால் இந்தக் கேள்வி அண்ணையின் காதில் விழுந்திருந்தால் அவர் சந்தோஷப்பட்டிருப்பார் என்று யோசித்ததும் கோபம் இறங்கிவிட்டது. நான் வருகிறேன் என்று சொன்னேன்.

பலேர்மோவில் பிள்ளை வளர்க்கிற எங்கள் ஆட்களில் அவரைத் தெரியாதவர்கள் குறைவு. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மன்னார் ஆள். அல்பெர்கேரியாப் பகுதியில், சந்தைச் சத்தம் நாள் முழுக்க உள்ளே வருகிற ஒரு சின்ன வீட்டில், மனைவி பிலோமினா அக்காவோடும் மகள் ஜெனிற்றாவோடும் இருந்தார். வாரநாட்களில் படி கழுவினார், வீடு துடைத்தார். ஓய்வு கிடைத்த நேரமெல்லாம் சாம்பல் நிறக் கோட் ஒன்றைப் போட்டுக்கொண்டு, பிள்ளையை எந்தப் பள்ளிக்கூடத்தில் விடுவது என்று தெரியாமல் நிற்கும் பெற்றோரைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போனார். யாரும் அவரை நியமிக்கவில்லை. "பள்ளிக்கூடப் புரோக்கர் வாறார்" என்று முதுகுக்குப் பின்னால் பகிடி பண்ணினோம். எனக்கு இத்தாலியன் அவரைவிடக் கொஞ்சம் கூடுதலாக ஓடும் என்பதால் என்னையும் இழுத்துக்கொண்டு போவார். பதிவுக்கு முந்திய மாதங்களில் பள்ளிக்கூடங்கள் ஞாயிறிலும் பெற்றோர் பார்க்கத் திறந்திருக்கும். என்னுடைய எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் அப்படித்தான் போயின.

ஊரில் இருப்பவர்களுக்கு இது விளங்காது. பள்ளிக்கூடம் என்றால் பக்கத்தில் இருப்பதில் சேர்ப்பதுதானே என்பார்கள். இங்கே சின்னப் பிள்ளைக்கே அரசாங்கப் பள்ளிக்கூடமா, கட்டணம் வாங்கும் கன்னியாஸ்திரிகள் பள்ளிக்கூடமா என்று ஒரு கேள்வி. பதின்மூன்று வயதில் அடுத்த கேள்வி: பல்கலைக்கழகத்தை நினைத்துப் படிக்கிற லிச்சேயோவா, தொழில்நுட்பப் பள்ளியா, சமையலும் விடுதி வேலையும் பழக்குகிற அல்பெர்கியேரோவா. இதற்கெல்லாம் மேலே, இத்தாலியக் கடவுச்சீட்டு கிடைத்தவர்களுக்கு லண்டன். ஒரு குடும்பம் பிள்ளையின் படிப்புக்காக லண்டன் போகிறோம் என்று சொல்லிக்கொள்ள வந்தபோது அண்ணை தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டு என்னிடம் சொன்னார்: "பள்ளிக்கூடம் தேடி நாடு விட்டு நாடு போகலாம். ஆனா இஞ்சை பஸ் ஏறிப் போய் ஒண்டைப் பாக்க ஏலாதாம்." சொல்லிவிட்டு அவர்களுடைய சாமான்களைக் கட்டிக்கொடுக்கவும் போனார்.

அவரை இந்த வேலைக்குள் தள்ளியது அவருடைய சொந்த வீட்டில் நடந்த ஒரு காரியம். அந்தப் பதின்மூன்று வயது ஆண்டில், பிள்ளை அடுத்து எங்கே போவது நல்லது என்று வகுப்பு ஆசிரியர்கள் எழுதிக் கொடுப்பார்கள். அது வெறும் ஆலோசனை. பெற்றோர் ஏற்கலாம், விடலாம். எங்களுக்கு அது தெரியாது. ஊரில் அதிபர் சொன்னதற்கு மறுபேச்சுப் பேசிய தகப்பனை நான் கண்டதில்லை. அந்தப் பழக்கத்தோடுதான் நாங்கள் இங்கேயும் வந்து சேர்ந்தோம். அண்ணையும் பிலோமினா அக்காவும் பூசைக்குப் போவதுபோல உடுத்திக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். ஆசிரியர்கள் ஜெனிற்றாவுக்கு அல்பெர்கியேரோ என்று சொன்னார்கள். இவர்கள் நன்றி சொல்லி, கையைக் கொடுத்து, வீட்டுக்கு வந்து அங்கேயே சேர்த்துவிட்டார்கள்.

பிறகு ஒருநாள் அவர் வேலை செய்த ஒரு வீட்டில், சிஞ்ஞோராவின் மகனுக்கும் அதேபோல ஒரு ஆலோசனை வந்திருக்கிறது. பையனுக்குப் படிப்பு ஓடாது, தொழில் பழகட்டும் என்று. சிஞ்ஞோரா வாசித்துவிட்டுச் சிரித்தாராம். "இதை எல்லாம் யார் கேட்கிறார்கள்" என்று சொல்லிவிட்டுப் பையனை லிச்சேயோவில் சேர்த்தாராம். சன்னல் துடைத்துக்கொண்டிருந்த அண்ணை அதைக் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார். அடுத்த நாள் வேலைக்கு வந்தவர், வேலை நேரத்தில் ஒருபோதும் குந்தியிருக்காதவர், ஈரப் படியில் அப்படியே இருந்துவிட்டார். "தம்பி, அது உத்தரவு இல்லையாம். ஆலோசனையாம்" என்றார். ஜெனிற்றா அப்போது அல்பெர்கியேரோவில் இரண்டாம் வருடம். நான் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

அதற்குப் பிறகுதான் அந்தக் கோட் வந்தது. ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. ஆசிரியை மிக அன்பாக, உங்கள் பிள்ளைக்குக் கைவேலை நன்றாக வரும், மொழிதான் கொஞ்சம் பின்தங்கல் என்று விளக்கிக்கொண்டிருந்தார். தாயும் தகப்பனும் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். அண்ணை பொறுமையாக முடியவிட்டு, தன்னுடைய முறிந்த இத்தாலியனில் கேட்டார்: "இது ஆலோசனையா, முடிவா?" ஆசிரியை திகைத்து, ஆலோசனைதான், முடிவு பெற்றோருடையது என்றார். அண்ணை பெற்றோரின் பக்கம் திரும்பினார். "கேட்டியளே? உங்கடை முடிவாம். இனித் தலையை ஆட்டிறதெண்டால் யோசிச்சு ஆட்டுங்கோ." எத்தனையோ பள்ளிக்கூடங்களில் எத்தனையோ தடவை இதே கேள்வியைக் கேட்டார். எனக்கு அலுத்துவிட்டது. அவருக்கும் அலுத்திருந்தது. "எனக்கு அலுத்துப் போச்சு தம்பி" என்பது பேருந்தில் ஏறியதும் அவர் சொல்லும் முதல் வசனம். "அப்ப விடுங்கோவன்" என்பேன். "நான் விடலாம். பிள்ளையள் வளராமல் நிக்குங்களே?" என்பார்.

இறந்தவர் என்பதற்காகப் பூசி மெழுக எனக்கு விருப்பமில்லை. அவர் ஒரு பெரிய தொந்தரவும்தான். கலியாண வீட்டில் மாலை போட்டுக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் இருப்பவரிடம் பிள்ளையின் பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்பார். அதைவிட ஒரு காரியம் எனக்குப் பிடிக்காமல் இருந்தது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் தன் மகளின் கதையைச் சொல்வார். "என்ரை பிள்ளையைப் பாருங்கோ. நாங்கள் தெரியாமல் பிழையான இடத்திலை விட்டிட்டம். நீங்கள் அப்பிடிச் செய்யாதையுங்கோ." நல்ல நோக்கம்தான். ஆனால் எங்கள் சமூகம் சின்னது. ஜெனிற்றா கோயிலுக்கு வந்தாலும் கடைக்குப் போனாலும், பிழையாகிப்போன பிள்ளை என்று பார்க்கிற கண்கள் இருந்தன. அவள் படித்து முடித்து, கடற்கரைப் பக்கம் மொந்தெல்லோவில் ஒரு விடுதியின் சமையலறையில் வேலை எடுத்தாள். எங்கள் ஆட்களின் விழாக்களுக்கு வருவதை நிறுத்திக்கொண்டாள்.

சீசாவில் ஒரு வீட்டில் அவள் அடக்கிவைத்திருந்தது உடைந்தது. அந்த வீட்டுப் பையன் தனக்கு அல்பெர்கியேரோதான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றான். பெற்றோருக்கு லிச்சேயோ. பையனுக்குப் புத்தி சொல்ல அண்ணையைக் கூப்பிட்டார்கள். அன்று அவருக்கு முழங்கால் வலி. ஜெனிற்றாதான் எங்களைக் காரில் கொண்டுவந்தாள். மேலே வந்து ஒரு கதிரையில் இருந்தாள். அண்ணை வழக்கம்போலத் தொடங்கினார்: "என்ரை பிள்ளையைப் பாருங்கோ…" அவர் வேண்டுமென்று செய்யவில்லை. அத்தனை தடவை சொல்லிச் சொல்லி, அந்தக் கதையில் வருகிற பிள்ளைதான் பக்கத்தில் இருக்கிறது என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

"அப்பா, நான் இஞ்சைதான் இருக்கிறன்" என்றாள் ஜெனிற்றா.

அண்ணை நிறுத்தினார். அவள் சத்தம் போடவில்லை. "எனக்கு என்ரை வேலை பிடிக்கும். அது பிழையான இடம் இல்லை. நீங்கள் ஒருத்தரும் என்னைக் கேக்கேல்லை, அதுதான் பிழை. ஸ்கோலாவிலை ரீச்சர்மார் அல்பெர்கியேரோ எண்டு சொன்னவை, நீங்கள் ஓம் எண்டீங்கள். லிச்சேயோ எண்டு சொல்லியிருந்தாலும் ஓம் எண்டுதான் சொல்லியிருப்பீங்கள். இப்ப இந்தப் பெடியனையும் ஒருத்தரும் கேக்கேல்லை." அந்த வீட்டுத் தாய் தேநீரைக் கொண்டுவந்து வைத்தார். எல்லோரும் குடித்தோம்.

அன்றிலிருந்து அண்ணை அந்தக் கதையைச் சொல்வதை விட்டுவிட்டார். பள்ளிக்கூடம் பார்க்கப் போவதற்கு முதல் பெற்றோரைக் குசினிக்குள் அனுப்பிவிட்டுப் பிள்ளையோடு தனியாகக் கதைப்பார். சில தகப்பன்மாருக்கு அது அறவே பிடிக்கவில்லை. "பதின்மூண்டு வயசுப் பிள்ளைக்கு என்ன தெரியும்?" என்று ஒருவர் சண்டைக்கு வந்தார். "எங்களுக்கு நாப்பது வயசிலை என்ன தெரிஞ்சது?" என்று கேட்டார் அண்ணை. மகளைப் பற்றி யாரும் விசாரித்தால் மட்டும் "வேலை செய்யிறா" என்று சொல்லிவிட்டு வேறு கதைக்குப் போய்விடுவார்.

கடைசியாக நாங்கள் ஒன்றாகப் போனது பிரான்காச்சோவுக்கு, நான் தொடக்கத்தில் சொன்ன அந்தத் தாயின் வீட்டுக்கு. பேருந்துத் தரிப்பிடம் வரைக்கும் வழியனுப்ப வந்தவர் சும்மா கேட்டார், உங்கள் மகள் என்ன செய்கிறாள் என்று. நான் பேச்சை மாற்றப் பார்த்தேன். அண்ணை என்னைக் கையால் தடுத்தார். "சமைக்கிறா. அவவின்ரை கைச்சாப்பாட்டுக்கு வெள்ளைக்காரர் முன்கூட்டியே மேசை சொல்லி வைக்கினம். நான் அவவைக் கேக்காமல்தான் சேர்த்தனான். கேட்டிருந்தாலும் அவ அதைத்தான் சொல்லியிருப்பா எண்டு இப்ப விளங்குது. எண்டாலும் கேட்டிருக்கவேணும்." பேருந்து வந்தது. ஏறியதும் அலுத்துப்போச்சு என்று சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டு இருந்தார்.

அடக்கம் முடிந்து வெளியே வரும்போது ஜெனிற்றா என்னைத் தேடி வந்தாள். கறுப்பு உடுப்பில், நித்திரை இல்லாத முகத்தோடு. "மாமா, உண்மையைச் சொல்லுங்கோ. அப்பா இப்பவும் என்னைப் பற்றி அந்தக் கதையைச் சொல்லித் திரிஞ்சவரோ?" என்று கேட்டாள். இத்தனை காலமும் அவள் அதைத்தான் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறாள். இல்லை என்றேன். பேருந்துத் தரிப்பிடத்தில் அவர் சொன்னதை ஒரு சொல்லும் விடாமல் சொன்னேன். அவள் தலையைக் குனிந்தபடி கேட்டாள். அழுவாள் என்று நினைத்தேன்.

"அதை எனக்குச் சொல்லியிருக்கலாமே, மாமா" என்றாள். "ஒவ்வொரு திங்கட்கிழமையும் லீவிலை வீட்டிலை நிண்டு சமைச்சுக் குடுத்தனான். உப்புக் காணாது எண்டு மட்டும்தான் சொன்னவர்."

பேருந்துத் தரிப்பிடத்தில், அதுவரை இரண்டொரு தடவை மட்டுமே கண்ட ஒரு பெண்ணிடம் சொல்ல முடிந்ததை அவரால் சொந்த மகளிடம் சொல்ல முடியவில்லை. நாங்கள் எல்லோரும் அப்படித்தான். ஆசிரியரிடம் எதிர்த்துக் கேள்வி கேட்க அவர் எங்களுக்குப் பழக்கிவிட்டார். பிள்ளையிடம் கேட்க அவருக்கே காலம் எடுத்தது. கேட்காமல் விட்டேன் என்பதைப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொல்லக் காலம் கிடைக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பிரான்காச்சோக் குடும்பத்தோடு நான் போனேன். கோட் போடவில்லை, எனக்கு அது பொருந்தாது. "ஆலோசனையா, முடிவா?" என்று மட்டும் கேட்டேன். அடுத்த ஞாயிறும் ஒரு குடும்பம் கூப்பிட்டிருக்கிறது. எனக்கு அலுப்பாக இருக்கிறது. போவேன்.

சவிரிமுத்து அண்ணையிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அவர் பள்ளிக்கூடங்களில் கேட்ட கேள்வியை அல்ல. அதை எல்லோரும் எடுத்துக்கொள்ளுங்கள், அது பொதுச் சொத்து. அவர் வீட்டில் கேட்காமல் விட்டதை நான் வைத்துக்கொள்கிறேன். என் மகனுக்கும் இந்தத் தை மாதம் பள்ளிக்கூடம் பதியவேண்டும். லிச்சேயோ என்று நானும் மனைவியும் எப்போதோ முடிவு செய்துவிட்டோம். அந்த ஞாயிறு வீட்டுக்குப் போய், சப்பாத்தைக்கூடக் கழற்றாமல், அவன் முன்னால் இருந்து கேட்டேன்: "உனக்கு எங்கை போய்ப் படிக்க விருப்பம்?"

அவன் கைபேசியிலிருந்து தலையை நிமிர்த்தி என்னைச் சந்தேகமாகப் பார்த்தான். "ஏன்? ஸ்கோலாவிலை ஏதும் சொன்னவையோ?"

"இல்லை" என்றேன். "நான்தான் கேக்கிறன்."

அவன் கைபேசியைக் கீழே வைத்தான்.