கரிவண்டியும் எதிர்வீட்டுப் பூட்டும்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்திரண்டாம் ஆண்டுக் கோடையில், மயிலாப்பூரில் எங்கள் தெருவில் என்னைத் தவிர ஒருவரும் இல்லை என்று நெடுங்காலம் நானே பலரிடம் சொல்லியிருக்கிறேன். அண்மையில் என் மகள் அக்கூற்றை அப்படியே தன் பிள்ளைகளுக்குச் சொல்லக் கேட்டேன். அது பிழை, ஓர் ஆள் அளவுக்குப் பிழை. அது அடுத்த தலைமுறைக்கும் உண்மைபோல் போய்ச் சேர்ந்துவிடக் கூடாது என்பதற்காகவே நடந்ததை எழுதிவைக்கிறேன்.

அவ்வாண்டு சித்திரையில், சப்பானியக் கப்பல்கள் வங்கக் கடலில் திரிகின்றன என்ற செய்தி பரவியதும் சென்னை நகரம் சில நாள்களுக்குள் வெறுமையாயிற்று. கையில் அகப்பட்டதைக் கட்டிக்கொண்டு மக்கள் எழும்பூர்ப் புகைவண்டி நிலையத்துக்கு விரைந்தனர். எங்கள் தெருவில் வாயில்தோறும் பூட்டுத் தொங்கியது. கோலமில்லாத வாசல்களைக் கடந்து நான் குளக்கரைக்குப் போய்வருவேன். என் செருப்பின் ஓசையே யாரோ பின்தொடர்வது போல் கேட்கும், திரும்பிப் பார்ப்பேன்.

மனைவியையும் இரு பெண்குழந்தைகளையும் காஞ்சிபுரத்தில் அவள் பிறந்த வீட்டுக்கு அனுப்பியிருந்தேன். நான் உடன் போகவியலவில்லை. நான் தமிழாசிரியனாய் இருந்த கல்லூரியின் நூலகத்து ஓலைச்சுவடிகளைக் காக்கும் பொறுப்பு என்னிடம் விடப்பட்டிருந்தது. ஒருநாள் விட்டுப் போகலாம். மறுநாள் திரும்பியாக வேண்டும். புகைவண்டியிலோ கால்வைக்க இடமில்லை. ஏறினாலும் திரும்பும் நாள் நம் கையில் இல்லை. பிரியும்போது என் இளைய மகள், "எப்போ வருவீங்க?" என்று கேட்டாள். அதற்குள் புகைவண்டி நகர்ந்துவிட்டது. அவர்களை ஒருமுறை கண்டுவர வேண்டும் என்பது ஒன்றே அந்நாள்களில் என் நினைவாய் இருந்தது.

அடையாற்றில் குடியிருந்த வெள்ளையர் ஒருவர் ஊரைவிட்டுப் புறப்படுமுன் தம் பழைய வண்டியைத் தள்ளிவிட விரும்பினார். முன்புறம் இரும்பும் பின்புறம் முழுதும் மரச்சட்டமுமாய், சிறிய அறையொன்றைச் சக்கரங்களின்மேல் ஏற்றியது போன்ற நெடிய வண்டி அது. ஸ்டேஷன் வேகன் என்பார்கள். எனக்கு அப்போது நாற்பது அகவை. மிதிவண்டியைத் தவிர வேறொன்றையும் ஓட்டியறியேன். ஆயினும் வாங்கினேன்.

பெட்ரோல் பங்கீட்டுக் காலம். கிடைத்த சீட்டுகளைக் கொண்டு காஞ்சிபுரத்துக்குப் பாதி வழிகூடப் போகமுடியாது. ஆகவே, அக்காலத்துப் பேருந்துகள் பலவற்றைப் போல, என் வண்டிக்கும் கரியை எரித்து வாயுவால் ஓட்டும் கலம் ஒன்றைப் பொருத்த முடிவுசெய்தேன். இராயப்பேட்டையில் பட்டறை வைத்திருந்த, வீட்டில் உருது பேசும் இசுலாமியர் ஒருவர் அதனை ஏற்றுக்கொண்டார். வண்டியைச் சுற்றிச்சுற்றிப் பார்த்துவிட்டு, "இன்னா சார், கட்டிலுக்கு சக்கரம் வெச்ச மாதிரி கீது. இதுல போயி அடுப்ப மாட்டணுமா?" என்று கேட்டார்.

கேட்டாரேயன்றி, வேலையை விரும்பியே செய்தார். பின்கதவுப் பலகைகளை அறுத்தெடுத்து, இரும்புச் சட்டத்தின்மேல் ஆளுயரக் கலத்தை நிறுத்தினார். மரம் தீப்பற்றாதபடி இடையில் தகடு அடித்தார். கலத்திலிருந்து வாயு, தூசி வடிகட்டியின் வழியாக வண்டியின் அடியில் ஓடும் குழாயில் புகுந்து எஞ்சினைச் சேரும். தீயை மூட்டக் கைப்பிடி வைத்த ஊதுவிசிறி ஒன்றும் உண்டு. பின்னிருக்கையை நான் கழற்றிவிட்டு, பக்கவாட்டில் நீண்ட மரப்பலகை ஒன்றை அமைத்தேன். ஒருபுறம் கரிமூட்டை, மறுபுறம் என் மனைவியும் குழந்தைகளும் அமர இடம். அப்பலகைக்கு நானே எண்ணெய் தடவி மெருகேற்றினேன். அதில் யாரும் அமராமலே பல நாள் அதனைத் துடைத்திருக்கிறேன்.

ஓட்டக் கற்பித்தவரும் பட்டறைக்காரரே. அடையாற்றுப் பக்கத்துச் சாலைகளில் எதிரே வண்டி வராது. "ஸ்டீரிங்க புக்கு மாதிரி புடிச்சிக்கினு கீறீங்களே சார். அது எங்கியும் ஓடிப் போவாது. வண்டிதான் ஓடணும்" என்பார். பிரியும் நாளில் மட்டும் சிரிக்காமல் ஒன்று சொன்னார்: "பத்த வெக்கும்போது வண்டி நிறுத்துற எடத்து கதவ நல்லா தொறந்து வெச்சிக்கோங்க. இதுல வர்ற கேசு கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. ஆள அப்டியே தூங்க வெச்சிடும்."

வீட்டை ஒட்டிய பழைய மாட்டுக்கொட்டிலே வண்டிக்கு நிழலாயிற்று. அதன் இரட்டைக் கதவு தெருவைப் பார்த்தது. நாள்தோறும் காலையில் நான் தீமூட்டிப் பழகுவேன். எண்ணெய்த் துணியைக் கொளுத்தி உள்ளே விட்டு, விசிறியைச் சுற்றி, வாயு எழுந்ததும் எஞ்சினை முடுக்க வேண்டும். பாதி நாள் எஞ்சின் உறுமாது. ஒருநாள் கலம் வெடித்தாற்போல் எதிர்த்து ஊதி, என் முகமெல்லாம் கரியாயிற்று. அந்நேரம் பார்த்துத் தபால்காரர் மிதிவண்டியில் வந்தார். "இன்னா சார், அனுமார் வேசமா?" என்று கேட்டுச் சிரித்தபடி போனார்.

எளிய பகடிதான். ஆனால் வகுப்பில் என் சொல்லுக்கு மறுசொல் கேட்டுப் பழகாதவன் நான். அச்சிரிப்பு என்னை நாள் முழுதும் உறுத்தியது. மறுநாள் காலை கொட்டிலின் கதவிரண்டையும் இழுத்துச் சாத்திக்கொண்டு தீயை மூட்டினேன்.

விசிறியைச் சுற்றிக்கொண்டே இருந்தேன். தலை கனத்தது, வெயில் என்று எண்ணினேன். பிறகு கனம் இனிமையாயிற்று. கால்கள் என்னுடையவை அல்ல என்பது போல் தளர்ந்தன. வண்டியின் ஏறுபடியில் சற்று உட்காரலாம் என்று நினைத்தது நினைவிருக்கிறது. அதற்குமேல் நினைவில்லை.

கண் விழித்தபோது தெருப்புழுதியில் கிடந்தேன். முகத்தில் நீர். மேல்துண்டு கழுத்தை இறுக்கியிருந்தது. அதனைப் பிடித்தே என்னை யாரோ வெளியே இழுத்திருக்கிறார்கள். அருகில், செம்புடன், நார்மடிப் புடவையால் தலையை மூடிய அம்மையார் ஒருவர் நின்றார். கைம்பெண், ஐம்பதை நெருங்கிய அகவை இருக்கும்.

"பேசாதீங்கோ. மூச்சை நன்னா இழுங்கோ" என்றார்.

மூச்சு சீரானதும், "நீங்க எந்த வீடும்மா?" என்று கேட்டேன்.

"எதிராத்துலதான் இருக்கேன்."

"அது பூட்டியிருக்கே?"

"வெளியில பூட்டியிருக்கு. உள்ள நான் இருக்கேன்."

பிறகுதான் விவரம் புரிந்தது. அந்த அம்மையாரின் கணவருடைய தம்பி குடும்பத்தார் அவ்வீட்டினர். ஊரைவிட்டுப் போகையில், வீட்டுக்குக் காவல் வேண்டும், ஆனால் பெண் ஒருத்தி தனியே இருப்பது பிறருக்குத் தெரியவும் கூடாது என்று, வாயிலை வெளியே பூட்டி, அவரை உள்ளே விட்டுப் போயிருக்கின்றனர். போக்குவரத்துக்குப் பின்சந்துக் கதவு. ஒரு வாரத்தில் ஆளனுப்பி அழைத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்களாம். வாரங்கள் பல கடந்திருந்தன.

"கதவை ஏன் சாத்தினேள்?" என்று கேட்டார்.

"யாராவது பாப்பாங்கன்னு..." என்று இழுத்தேன்.

அந்த அம்மையார் தெருவின் இந்தக் கோடியைப் பார்த்தார். அந்தக் கோடியைப் பார்த்தார். "யாரு?" என்றார்.

அவரே தொடர்ந்தார்: "நான் ஒருத்திதான் பார்த்துண்டிருந்தேன். ஜன்னல் இடுக்கு வழியா, தினமும். இன்னிக்குக் கதவைச் சாத்தினதும், இருந்த ஒரு வேடிக்கையும் போச்சேன்னு கோபமா வந்தது. விசிறிச் சத்தம் மட்டும் கேட்டுண்டிருந்தது. அது நின்னா வண்டி உறுமணும், இல்லாட்டா நீங்க திட்டணும். ரெண்டும் இல்லை." செம்பை எடுத்துக்கொண்டார். "உங்களைத் தொட்டு இழுத்ததுக்கு நான் இன்னொரு தரம் ஸ்நானம் பண்ணணும். போறது, குழாய்ல தண்ணி வரது."

அன்றிலிருந்து கதவுகள் விரியத் திறந்தே இருந்தன. அயலார் வீட்டுப் பெண்டிருடன் நின்று பேசுவது அக்கால வழக்கமன்று. ஆகவே நான் வண்டியைப் பார்த்தே பேசுவேன்: "இன்னிக்கு வடிகட்டியைக் கழுவப் போறேன்", "நாளைக்குக் கரி வாங்கணும்." எதிர்வீட்டுச் சன்னலின் இடுக்கு ஒரு விரற்கடை அகலும். ஒருநாள் நான் மறதியாய்த் தீயைக் கொளுத்தப் போகையில், பூட்டிய வீட்டிலிருந்து குரல் வந்தது: "கரியை இன்னும் போடலை நீங்க." அப்போது தெருவில் போய்க்கொண்டிருந்த தபால்காரர் பூட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மிதிவண்டியை மிதித்துப் பறந்தார். சன்னலுக்குப் பின்னால் சிரிப்பொலி கேட்டது. பல வாரங்களில் எங்கள் தெருவின் வீடொன்றுக்குள் எழுந்த முதற் சிரிப்பு அதுவே.

காஞ்சிபுரம் புறப்படும் நாள் வந்தது. வண்டி உறுமிக்கொண்டிருந்தபோது அந்த அம்மையார் சந்தின் வழியே சுற்றிவந்து நின்றார். கையில் சிறு மூட்டை.

"மாம்பலம் ஸ்டேஷன்ல விட்டுடறேளா? தாம்பரம் போய் அங்கேர்ந்து ரயில் பிடிச்சுக்கறேன்."

"ஆள் அனுப்பறதாச் சொன்னாங்களேம்மா?"

"சொன்னா" என்றார். அவ்வளவே.

"எந்த ஊருக்குப் போறீங்க?"

"செங்கல்பட்டுக்கு அந்தண்டை. மனுஷா இருக்கா."

"வீடு?"

"பூட்டு இருக்கோல்லியோ. அது பார்த்துக்கும்."

பின்புறம் ஏறி, நான் மெருகேற்றிய பலகையில் கரிமூட்டைக்கு எதிரே அமர்ந்தார். அப்பலகையில் முதன்முதல் அமர்ந்தவர் அவரே. இலஸ் முனையைக் கடந்து, தேனாம்பேட்டை வழியே மவுண்ட் ரோட்டைத் தாண்டினோம். எனக்குச் சாலையை விட்டுக் கண்ணெடுக்கத் துணிவில்லை. பனகல் பூங்கா அருகில் வண்டி இருமி நின்றுவிட்டது. நான் இறங்கி முன்மூடியைத் திறப்பதற்குள் பின்புறம் விசிறி சுழலும் ஓசை கேட்டது. அந்த அம்மையார் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, சீராகச் சுற்றிக்கொண்டிருந்தார். எத்தனை நேரம், எவ்வளவு விரைவு என்பதெல்லாம் சன்னலிடுக்கில் கற்றது.

ஓரமாக நின்றிருந்த சட்காக் குதிரைவண்டிக்காரர், "இன்னா சார், வண்டிய நீ ஓட்டிக்கினு போறியா, அம்மா ஓட்டிக்கினு போறாங்களா?" என்றார்.

"அவர்தான் ஓட்டறார். நான் அடுப்பைப் பார்த்துக்கறேன்" என்று அந்த அம்மையாரே விடை சொன்னார். அவர் கன்னத்தில் கரி தீற்றியிருந்தது. துடைக்கவில்லை.

மாம்பலம் நிலையத்தில் மூட்டையை எடுத்துக்கொண்டு இறங்கினார். "குழந்தைகளைப் பார்த்துட்டுத் திரும்பி வந்தப்புறமும் கதவைத் திறந்தே வெச்சுக்கோங்கோ" என்றார். சரி என்றேன். கூட்டத்தில் அந்த நார்மடிப் புடவை சிறிது தூரம் தெரிந்தது.

அன்று மாலை காஞ்சிபுரம் சேர்ந்தேன். என் முகத்தை இளையவள் முதலில் அடையாளம் காணவில்லை. பின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நான் எண்ணியிருந்த மகிழ்ச்சி குறைவின்றிக் கிடைத்தது. மறுநாள் மயிலாப்பூர் திரும்பி, பழக்கத்தால் கொட்டிலின் கதவுகளைத் திறந்து, "வடிகட்டியைக் கழுவணும்" என்றேன். எதிர்ச் சன்னல் அசையவில்லை. எங்கள் தெருவில் என்னைத் தவிர ஒருவரும் இல்லாத காலம் அன்றுதான் தொடங்கியது.

மழைக்காலம் வந்ததும் ஒவ்வொரு குடும்பமாய் ஊர் திரும்பியது. எதிர்வீட்டுக்காரர் பூட்டைத் திறந்து உள்ளே போனவர், சற்று நேரத்தில் என் வாயிலில் வந்து நின்றார். "எங்க மன்னியைப் பார்த்தேளா?" என்றார். நடந்ததைச் சொன்னேன்.

"ஆள் அனுப்பணும்னு நெனச்சுண்டே இருந்தோம்" என்றார். பின் குரலைத் தாழ்த்தி, "செங்கல்பட்டுக்கு அந்தண்டை அவாளுக்கு யாரும் கிடையாதே சார்" என்றார்.

அவரும் தேடினார்; நானும் தேடினேன். காஞ்சிபுரம் போகும்போதெல்லாம் வழியை வளைத்துச் செங்கல்பட்டு, மதுராந்தகம் பக்கத்துக் கோயில்களிலும் சத்திரங்களிலும் கேட்டேன். யாரைத் தேடுகிறீர்கள் என்று கேட்டால் சொல்ல என்னிடம் ஒரு பெயர் இல்லை. அயல்வீட்டுப் பெண்ணின் பெயரைக் கேட்பது முறையன்று என்று வளர்ந்தவன் நான். அவ்வீட்டாருக்கு அவர் மன்னி, குழந்தைகளுக்குப் பெரியம்மா. அதற்குமேல் எவர் வாயிலும் கேட்டிலேன்.

இன்றும் பூட்டிய வீடொன்றைக் கடக்கும்போது, உள்ளே ஆளில்லை என்று என் மனம் முடிவு கட்டுவதில்லை. நடையைத் தளர்த்தி, சன்னலை ஒருமுறை பார்த்துவிட்டே போகிறேன்.

முதுமையின் நினைவிலிருந்து எழுதியதாகையால் இதில் பிழைகள் இருக்கக்கூடும். கரிக்கலத்தின் அமைப்பில் தவறு காண்போர் பொறுத்துத் திருத்துக. செங்கல்பட்டுக்குத் தெற்கே எவர் வீட்டிலேனும், அவ்வாண்டில் தனியே வந்து சேர்ந்த, கரிவண்டியின் அடுப்பை மூட்டத் தெரிந்த ஒரு பெண்மணி வாழ்ந்திருந்தால், அவருடைய பெயரை எனக்கு அறிவித்து, 'அந்த அம்மையார்' என்று நான் எழுதியுள்ள இடங்களையெல்லாம் திருத்தித் தருமாறு வேண்டுகிறேன்.