சிவப்பு விழாத கட்டம்

லாரி புக்கிங் தொழிலில் எல்லோரும் பொய் சொல்வார்கள், கம்ப்யூட்டர் மட்டும் சொல்லாது என்று சொல்லி அந்த எக்செல் ஷீட்டைச் செய்து என் தலையில் கட்டிவிட்டுப் போனாயே, உன்னைத்தான் கேட்கிறேன்: பாலக்கோட்டில் தக்காளி ஏற்றிச் சேலம் போகிற வண்டி தொப்பூர் கணவாயில் இறங்க வேண்டும் என்று உனக்குத் தெரியுமா, தெரியாதா? அந்த இறக்கத்தில் பிரேக் பிடிக்காவிட்டால் போவது தக்காளி இல்லை, ஆள். என்னைப் போலக் கலரை நம்பித் தொழில் நடத்துகிறவர்களும் இதைக் கொஞ்சம் கேட்டுக்கொள்ளுங்கள்.

டிவியில் மூன்று நிறம்

காலையில் டிரைவர்கள் வண்டி எப்படி இருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். ஆபீசில் இருக்கும் செல்வி அதை அப்படியே ஷீட்டில் ஒட்டுவாள். கட்டத்துக்குள் 'பிரேக்' என்ற சொல் இருந்தால் தானாகச் சிவப்பு விழும். 'ஓகே' இருந்தால் பச்சை. சிவப்பு வண்டி மெக்கானிக்கிடம் போகும், மற்றது லோடுக்கு. எல்லோருக்கும் தெரியட்டும் என்று சுவரில் ஒரு டிவியும் மாட்டினேன்.

முதல் நாளே லோடு மேஸ்திரி கோவிந்தன் டிவியை ஏற இறங்கப் பார்த்தார். பச்சையும் இல்லாமல் சிவப்பும் இல்லாமல் நாலைந்து கட்டம் வெறும் வெள்ளையாக இருந்தது. அது என்ன என்று கேட்டார். குறை ஒன்றும் இல்லை என்று அர்த்தம், ஏற்றுங்கள் என்றேன். கோவிந்தன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "செவப்பு இல்லன்னா ஏத்திருவேன், அப்புறம் என்னைக் கேக்கக் கூடாதுங்க."

மாதுவின் நல்ல பிரேக்

மாது என்னிடம் ஒன்பது வருடமாக லாரி ஓட்டுகிறவன். புதிதாக பிரேக் லைனிங் மாற்றிய சந்தோஷத்தில் ஒரு நாள், 'பிரேக் சூப்பரா பிடிக்குது' என்று அனுப்பிவிட்டான். கட்டம் சிவந்துவிட்டது. கோவிந்தனின் ஆட்கள் வண்டியைத் தொடவில்லை. நான் மண்டியில் வாடகைக்கு மல்லுக்கட்டிவிட்டு மதியம் வந்து பார்த்தால், பத்து மணிக்குக் கிளம்ப வேண்டிய தக்காளி வெயிலில் அடுக்கியபடி கிடக்கிறது.

மெக்கானிக் வந்து பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். நான் செல்வியிடம் கத்தினேன், அவள் டிவியைக் கை காட்டினாள். அன்றைய படிக்காசை இழந்த மாது மட்டும் கத்தவில்லை. "இனிமே அந்த வார்த்தையே எழுத மாட்டேண்ணா."

வெள்ளையில் என்ன எழுதியிருந்தது

அதை அவன் மற்ற டிரைவர்களுக்கும் சொல்லியிருக்கிறான். அப்புறம் இரண்டு வாரம் டிவியில் ஒரு சிவப்புகூட இல்லை. வண்டியெல்லாம் நன்றாக இருக்கிறது என்று நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

ஒரு முற்பகல் ஆபீசில் சும்மா நின்றபோது கண் ஒரு வெள்ளைக் கட்டத்தில் போய் விழுந்தது. 'மிதிச்சா கொஞ்சம் தள்ளிப் போய்த்தான் நிக்குது.' மாதுவின் வண்டி. லோடு ஏற்றிக் கிளம்பி முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. நாலு தடவை போன் போட்டேன், எடுக்கவில்லை. ஓட்டும்போது எடுக்காதே என்று சொல்லி வைத்தவனும் நான்தான். கணவாய்க்கு முன்னால் டோல்கேட் பக்கம் பஞ்சர் கடை வைத்திருக்கும் பழனியைக் கூப்பிட்டு, வண்டி நம்பரைச் சொல்லி, நடு ரோட்டில் போய் நின்றாவது நிறுத்து என்றேன். செல்வி தண்ணீர் டம்ளரை நீட்டினாள், வாங்கவில்லை. கோவிந்தன் வெளியே போய் நின்றுகொண்டார்.

இருபது நிமிடம் கழித்துப் பழனியின் போன் வந்தது. பின்னால் லாரி என்ஜின் ஓடும் சத்தம் கேட்டது. வண்டியை ஓரங்கட்டிவிட்டேன் என்றான். மாது போனை வாங்கினான். ஏன்டா இப்படிச் செய்தாய் என்றேன். குரலை உயர்த்தாமல் சொன்னான். "அனுப்பத்தானே செஞ்சேன், நீங்க படிப்பீங்கன்னு நெனச்சேண்ணா."

போனில் நீ

அன்று சாயங்காலம் உன்னைக் கூப்பிட்டு வாயில் வந்ததெல்லாம் பேசினேன். மூன்று நாள் மண்டியில் உட்கார்ந்து டிரைவர்கள் பேச்சைக் கேட்க வேண்டும் என்று நீ சொன்னதையும், காசைக் குறைக்க ஒரே மத்தியானத்தில் முடி என்று நான் அடித்துப் பேசியதையும் ஞாபகப்படுத்தினாய். பேசினேன்தான், பேரம் பேசுவது என் பிழைப்பு. கட்டுப்படியாகாவிட்டால் தக்காளிக்காரன்கூடக் கூடையைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டுகிறான், வேலை தெரிந்த நீ ஏன் அரைகுறையாகச் செய்து கொடுத்தாய்? அதற்கும் பதில் வைத்திருந்தாய். "நீங்க குடுத்த வார்த்தைக்குக் கலர் போட்டேன், குடுக்காத வார்த்தைக்கு எப்பிடிங்க போடுறது?"

தினமும் காலையில் டிவிக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து முப்பது வண்டியின் கதையையும் நானே வரிவரியாகப் படித்துக்கொண்டிருப்பதற்கு எக்செல் ஷீட் என்று பெயர் இல்லை என்பதால், மூன்று நாள் இல்லை, நாலு நாளாகவே எடுத்துக்கொள், சாப்பாடு என் வீட்டிலிருந்து வரும், வந்து உட்கார்ந்து இவர்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்று கேட்டுச் சரி செய்துவிட்டுப் போ.