ஒரே கூண்டு, இரண்டு அடுப்பு

உளி முதல் செங்கல்லைப் பெயர்த்ததும் கரியும் ஈரமும் கலந்த பழைய வாசனை அடுப்படி முழுக்கப் பரவியது. நெருப்பு மூட்டியே முப்பது வருஷமான புகைக்கூண்டில் இன்னும் இத்தனை வாசனை மிச்சமிருக்குமென்று நான் நினைக்கவே இல்லை.

ஓசூரில் எங்களுடையது ஜோடி வீடு. நடுவில் ஒரே சுவர். இரண்டு அடுப்படிகளும் அந்தச் சுவரில் முதுகோடு முதுகு ஒட்டி நிற்க, இரண்டு அடுப்பின் புகையும் ஒரே கூண்டு வழியாகக் கூரைக்கு மேலே போகும். "கூண்டு வயிறு" என்று அம்மா சொல்லும் அதன் புடைப்பு எங்கள் அடுப்படியில் கால்வாசியை அடைத்துக்கொண்டிருந்தது. உள்ளே குறுக்கே இருந்த தடுப்பில், அடுப்புக்குக் கையெட்டும் உயரத்தில் இரண்டு கல் விழுந்துபோயிருந்ததால், புகை மட்டுமல்ல, பேச்சும் அந்த ஓட்டை வழியாகப் போய்வந்தது.

அப்பாவின் கம்பெனி வேலைக்காகக் கல்லாவியிலிருந்து நாங்கள் வந்து சேர்ந்தபோது எனக்கு எட்டு வயது. அப்பாவுக்கு ஷிப்ட், அம்மாவுக்குத் தையல் கம்பெனி. நாலு மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டு வந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டால் அம்மா வரும்வரை நான் ஒருத்திதான். "யாரு கூப்பிட்டாலும் கதவத் தெறக்காத" என்பது அம்மாவின் கட்டளை. கதவைத்தானே திறக்கக் கூடாது? அடுப்புக்குள் தலையை விட்டுப் பேசக் கூடாதென்று யாரும் சொல்லவில்லையே.

பேசியது பக்கத்து வீட்டு சரோஜம்மாவோடு. கன்னடக்காரர், பிள்ளை இல்லை, வீட்டுக்காரர் லாரியை எடுத்துக்கொண்டு போனால் திரும்ப நாலைந்து நாளாகும். நான் வந்த சத்தம் கேட்டதுமே கூண்டுக்குள்ளிருந்து "ஊட்ட ஆய்தா?" என்று குரல் வரும், சாப்பிட்டாயா என்று கேட்கிறார். சாப்பிடாவிட்டாலும் "ஆய்து" என்பேன். பிறகு அவர் கன்னடத்திலும் நான் தமிழிலும், பாதி புரிந்தும் பாதி புரியாமலும் பேசிக்கொண்டே இருப்போம். என் கல்லாவிப் பேச்சை வகுப்பே சொல்லிக்காட்டிச் சிரித்துக்கொண்டிருந்த அந்த நாளில், என்னோடு பேச ஆசைப்பட்ட ஒரே ஆள் அந்தச் சுவருக்குப் பின்னால்தான் இருந்தார்.

ஒருநாள் அம்மா வருவதற்குள் காபி போட்டு அசத்திவிட வேண்டுமென்று அடுப்பை மூட்டினேன். மழையில் நனைந்த விறகு. எரிவேனா என்று அடம்பிடித்தது, புகையை மட்டும் அள்ளி அள்ளிக் கக்கியது. அந்தப் பக்கம் இருமல் கேட்டது. அப்புறம் கூண்டே அதிர ஒரு கத்தல்: "ஹோகே! ஹோகே!"

அந்த வார்த்தை எனக்கு நன்றாகத் தெரியும். வாசலில் வந்து நிற்கும் பசுவை சரோஜம்மா அப்படிச் சொல்லித்தான் விரட்டுவார். போடி என்று அர்த்தம். எனக்கு எப்போதுமே மூக்குக்கு மேல் கோபம் வரும். அன்றைக்கு அழுகை முந்திக்கொண்டது. அடுப்பில் தண்ணீரைக் கொட்டினேன். ஒரு கோணிச் சாக்கைச் சுருட்டி அந்த ஓட்டையில் திணித்தேன். போயேன், எனக்கென்ன!

மறுநாளும் சாக்குக்கு அந்தப் பக்கம் "ஊட்ட ஆய்தா" கேட்டது. நான் வாயைத் திறக்கவில்லை. பத்து நாள் போலக் கேட்டுவிட்டு அதுவும் நின்றுபோனது. தெருவில் எதிரில் வந்தால் தலையைக் குனிந்துகொண்டு போனேன். சீக்கிரமே கேஸ் அடுப்பு வந்தது. கூண்டை எல்லோரும் மறந்தோம்.

அப்பாவும் அம்மாவும் கல்லாவிக்கே திரும்பிவிட, படிப்பு, வேலையென்று எங்கெங்கோ சுற்றிய நான் போன வருஷம் இதே வீட்டுக்குத் தனியாக வந்து சேர்ந்தேன். அடுப்படியைக் கொஞ்சம் பெரிதாக்கலாமென்று கூண்டு வயிற்றை இடிக்க மேஸ்திரியைக் கூப்பிட்டேன். அவர் தட்டிப் பார்த்துவிட்டு, "பாதி அவங்களுதுக்கா. கேக்காம கை வெக்க முடியாது" என்றார்.

கேட்கப் போனேன். சரோஜம்மாவும் இப்போது தனிதான். வீட்டை விற்றுவிட்டு ஞாயிற்றுக்கிழமை மைசூருக்குத் தங்கை வீட்டோடு போகிறாராம். மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார்.

"எடுத்துக்கோ கண்ணு. இனிமே அதுல ஹொகெ எங்க வரப்போவுது?"

"ஹொகென்னா?"

"பொகைதான். நீ ஒருநாளு ஈர வெறகு வெச்சியே, நான்கூட இருமிக்கிட்டே ஹொகெ ஹொகென்னு கத்துனனே." ஒரு மூட்டையின் முடிச்சை இறுக்கிக்கொண்டே, "அப்புறம் ஏங்கண்ணு அடைச்சிட்ட?" என்றார்.

ஒரு குறில். கூண்டுக்குள் இழுபட்டு என் காதில் நெடிலாக விழுந்த ஒரு குறில். அதற்காக முப்பது வருஷம் முகம் திருப்பிக்கொண்டிருந்தேன் என்று எப்படிச் சொல்வது? வெட்கமாக இருந்தது. "பொகை உங்க பக்கம் வரக் கூடாதுன்னுதான்" என்று புளுகினேன்.

"பொகை வந்தா வந்துட்டுப் போவுது" என்றார். "அதோட நீயும் வந்துட்டிருந்த இல்ல?"

ஞாயிற்றுக்கிழமை அவர் போய்விட்டார். திங்கட்கிழமை மேலேயிருந்து ஒவ்வொரு கல்லாக இறக்கிக்கொண்டு வந்த மேஸ்திரி, கடைசியில் கரியேறிய கந்தல் ஒன்றை உருவிக் கீழே போட்டார். கை பட்டதும் அந்தச் சாக்கு பொடிப்பொடியாக உதிர்ந்தது. ஓட்டைக்குப் புதுக் கல் வைத்துப் பூசியாகிவிட்டது. அடுப்படி இப்போது விசாலமாக, சுவர் மட்டமாக இருக்கிறது. நேற்று நாலு மணிக்கு அந்தச் சுவரில் காதை வைத்து, "ஆய்து" என்று சொல்லிப் பார்த்தேன். காதில் சிமெண்ட் ஈரம் ஒட்டியதுதான் மிச்சம்.