படிக்கட்டின் கீழிருந்த பேஸ்போல் கார்டுகள்

கல்யாணத்துக்காக என் கணவர் லண்டனில் வந்து இறங்கியபோது ஒரு சூட்கேசில் உடுப்பும் இரண்டு சூட்கேஸ்கள் நிறையப் பேஸ்போல் கார்டுகளும் கொண்டுவந்தார். "வழியிலை ஆரின்ரையோ பெட்டியோடை மாறிப்போச்சாக்கும்" என்று என் அக்கா சிரித்தாள்.

அதற்கு முன் அவர் ரொறன்ரோவில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் வேலை செய்தவர். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அங்கே இந்தக் கார்டுகளைப் பற்றித்தான் பேச்சாம். முன்பக்கம் ஆட்டக்காரரின் படம், பின்பக்கம் அவருடைய ஆட்ட விவரம். பழைய கார்ட் ஒன்றை விற்று யாரோ வீடு வாங்கிய கதை எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதனால் எல்லோரும் வாங்கினார்கள், பத்திரப்படுத்தினார்கள். இவரும்தான்.

லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் எங்கள் வீட்டுப் படிக்கட்டின் கீழே அவற்றை அடுக்கி வைத்தார். சில ஞாயிற்றுக்கிழமைகளில் கையைக் கழுவித் துடைத்துவிட்டு, ஒரு பெட்டியைத் திறந்து கார்டுகளின் மூலைகளைப் பார்ப்பார். மூலை மழுங்கினால் மதிப்புப் போய்விடுமாம். கடையில் வாங்கிய சில கார்ட் பக்கற்றுகளைப் பிரிக்கவே இல்லை. முதலில் பிள்ளைகளின் படிப்புக்கு என்றார். பிறகு அவர்களின் கல்யாணத்துக்கு என்றார். கடைசியில் எங்கள் வயதுகாலத்துக்கு என்றார்.

போன வருடம் அவருக்குப் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. கட்டிலைக் கீழே முன்னறைக்கு இறக்கினோம். சக்கர நாற்காலி வைக்கப் படிக்கட்டின் கீழைத் தவிர வேறு இடமில்லை. பெட்டிகளை என்ன செய்வது என்று கேட்டேன்.

"வித்திடுவம்," என்றார் குழறலாக. "இதுக்குத்தானே வைச்சனான்."

குரொய்டனில் கார்ட் வாங்கி விற்கும் ஒரு சின்னக் கடைக்கு சக்கர நாற்காலியில் அவர் மடியில் ஒரு பெட்டியோடு இருவரும் பஸ்ஸில் போனோம். கடைக்காரர் நரைத்த வெள்ளைக்காரர், இளமையில் அமெரிக்காவில் இருந்தவர். கார்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து விளக்கில் பிடித்துப் பார்த்தார். என் கணவர் அவருடைய விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மிக நன்றாக வைத்திருக்கிறீர்கள்," என்றவர், கையிலிருந்த கார்டைக் கீழே வைத்துவிட்டு மற்றதைச் சொன்னார். இந்தக் கார்டுகள் வந்த வருடங்களில் கம்பனிகள் அளவில்லாமல் அச்சடித்துத் தள்ளினவாம். அதற்கு முந்திய காலத்துக் கார்டுகள் பெரும்பாலும் குப்பைக்குப் போனதால்தான் மிஞ்சியவற்றுக்கு விலை வந்தது. இவற்றை ஒருவரும் எறியவில்லை. "என் வீட்டிலும் பெட்டி பெட்டியாகக் கிடக்கிறது. என்னால் வாங்க முடியாது."

என் கணவர் பிரிக்காத பக்கற் ஒன்றை இடக்கையால் அவர் பக்கம் தள்ளினார். கடைக்காரர் வேண்டாமென்று தலையை ஆட்டினார்.

"பிரிக்கச் சொல்லும்," என்றார் என் கணவர் என்னிடம். இத்தனை வருடமும் அந்தப் பக்கற்றுகளைத் தொடக்கூட என்னை விடாதவர்!

கடைக்காரர் பிரித்தார். கார்டுகளோடு சேர்த்து உள்ளே வைத்து விற்ற சூயிங்கம் துண்டு கல்லாகி ஒரு கார்டின் முகத்தில் ஒட்டியிருந்தது. இழுத்தபோது அந்த ஆட்டக்காரரின் பாதி முகமும் அதனுடன் உரிந்து வந்தது.

திரும்பி வரும்போது, பஸ் எங்கள் தரிப்பிடத்தை நெருங்கிய நேரம் அவர் சொன்னார்: "எல்லாரும் கவனமா வைச்சிருக்கினம். அதுதான் பிழையாப் போச்சு."

அதன் பிறகு அவர் ஒரு பெட்டியையும் கேட்கவில்லை. அவருக்கு உடற்பயிற்சி செய்விக்க வரும் பெண், விரல்களுக்கு நல்லதென்று கார்டுகளை அடுக்கிப் பார்க்கச் சொன்னாள். "ஏலாது," என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பழைய பொருட்களை வாங்கித் தருமத்துக்காக விற்கும் கடைக்காரர்கள் ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு, இனிக் கொண்டுவர வேண்டாம் என்றார்கள். மீதியைக் காகிதக் கழிவோடு போடுவதென்றால் ஒவ்வொரு கார்டுக்கும் அவர் போட்டிருந்த பிளாஸ்டிக் உறையைக் கழற்ற வேண்டும். ஒரு பின்னேரம் அவருடைய கட்டிலருகே இருந்து கழற்றத் தொடங்கினேன். அவர் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

"அவன் இடக்கைக்காரன்," என்றார் திடீரென்று, என் கையிலிருந்த கார்டைப் பார்த்து. "அவன்ரை பந்து ஒருத்தருக்கும் பிடிபடாது. ஃபக்டரியிலை அந்த வருசம் முழுக்க அவன்ரை கதைதான்."

இந்த ஆட்டக்காரர்கள் யாரென்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. அடுத்த கார்டைத் தூக்கிக் காட்டினேன்.

"தெரியேல்லை."

இன்னொன்றைக் காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"இவனையும் தெரியேல்லை. போடும்."

அதற்குப் பிறகு நான் ஒன்றையும் காட்டவில்லை. வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. லைட்டைப் போட்டுவிட்டு அடுத்த பெட்டியைத் திறந்தேன். அவர் நித்திரையாகிவிட்டார்.