காணாமல் போன பிளஸ்

போன செவ்வாய்க்கிழமை, ஒரே ஒரு பிளஸ் குறியால் ஒரு மனிதரின் ஆபரேஷன் தள்ளிப்போகப் பார்த்தது. காரணம்... நான்தான்.

ராஜகீழ்ப்பாக்கத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் நண்பர் நசீர், ரத்தம் கொடுக்கச் சம்மதித்தவர்களின் செல் நம்பர்களைச் சேர்த்து வைத்திருக்கிறார். அவசரமென்றால் ஒவ்வொருவராகக் கூப்பிடுவார். 'எல்லோருக்கும் ஒரே நேரத்தில் எஸ்.எம்.எஸ். போக நான் கம்ப்யூட்டரில் ஒரு ஸ்கிரிப்ட், அதாவது குட்டி புரோகிராம், எழுதித் தருகிறேன்' என்று வீரம் பேசினேன்.

எஸ்.எம்.எஸ். கம்பெனி ஒரு வெப் முகவரி தந்திருக்கிறது. அதன் வாலில் நம்பரையும் செய்தியையும் ஒட்டி ஸ்கிரிப்ட் கூப்பிட வேண்டும். அவ்வளவுதான்.

அவ்வளவுதானா? முகவரிக்குள் இடைவெளி இருக்கக் கூடாதாம்! 'தவறான முகவரி' என்று இரண்டு நாள் துப்பிக்கொண்டே இருந்தது. கடைசியில், இடைவெளிக்குப் பதில் பிளஸ் போட்டால் போதும் என்று கண்டுபிடித்தேன். செய்தி பறந்தது. எனக்கே என் மேல் மரியாதை!

செவ்வாய் காலை நசீர் ஓடி வந்தார். "சார், உங்க தெரு ஸ்டெல்லா டீச்சர் வீட்டுக்காரருக்கு பெருங்களத்தூர்ல ஆக்சிடென்ட். தாம்பரத்துல ஆபரேஷன். ஓ பாசிட்டிவ் வோணும், உடனே அனுப்புங்க."

'ஓ', பக்கத்தில் ஒரு பிளஸ், 'ரத்தம் அவசரம்' என்று ஆங்கிலத்தில் அடித்து, ஆஸ்பத்திரி பெயரையும் நசீரின் நம்பரையும் சேர்த்து அனுப்பினேன்.

ஐந்தே நிமிடம். நசீரின் செல் அலறியது.

"வெறும் ஓ-ன்னு வந்திருக்கே பாய்... பாசிட்டிவா, நெகட்டிவா?"

எல்லோரும் இதையே கேட்டார்கள். ஓ நெகட்டிவ்காரர் ஒருவர் கோவிலம்பாக்கத்திலிருந்து பைக்கில் கிளம்பியே விட்டார்.

நான் அடித்த பிளஸ் எங்கே? அந்த முகவரியின் பாஷையில் பிளஸ் என்றாலே இடைவெளி! இடைவெளிக்காக நான் போட்ட பிளஸ்களோடு ரத்தத்தின் பிளஸ்ஸையும் இடைவெளியாக்கிவிட்டது. நிஜ பிளஸ் வேண்டுமென்றால் சதவிகிதக் குறி, இரண்டு, பி என்று எழுத வேண்டுமாம். இதை யார் எனக்குச் சொன்னார்கள்? ஸ்கிரிப்ட் எழுதக் கற்றுத்தரும் புத்தகத்தைப் புரட்டினேன்.

"இன்னா சார் பண்ணிக்கினு கீறீங்க? பாசிட்டிவ்னு எழுத்துல அடிங்க சார்!" என்று கத்தினார் நசீர்.

அட! அடித்தேன். நாங்களும் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அரை மணி நேரத்தில் மூன்று பேர் அங்கே நின்றார்கள். கோவிலம்பாக்கத்துக்காரரும் வந்தார். "இவ்ளோ தூரம் வந்துட்டேன், என்னோடதையும் எடுத்துக்கங்க" என்று கையை நீட்டினார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

வீட்டுக்கு வந்து புத்தகத்தின் அடுத்த பக்கத்தைப் பார்த்தால், எல்லாக் குறிகளையும் தானாகவே சரிசெய்ய ஒரு கட்டளை தயாராக இருக்கிறது. ஒரே வரி! புத்தகத்தை வீசியெறியலாம் போலிருந்தது.

மறுநாள் ஸ்டெல்லா டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "கம்ப்யூட்டர்லயே ஆளுங்களைக் கூப்பிட்டீங்களாமே... காட் பிளஸ் யூ சார்."

நசீருக்குப் போக வேண்டிய நன்றி. வாங்கி வைத்துக்கொண்டேன் — வெட்கமே இல்லாமல்.