கொக்குப் படத்தில் வெட்டிய இடம்

"அந்த எடத்த மட்டும் எடுத்துடும்மா, புள்ளைங்க பாவம்" என்று எங்கள் முதலாளி என் நாற்காலிக்குப் பின்னால் நின்று சொன்னபோது, திரையில் அப்பா கொக்கு புயலில் அடிபட்டுச் சேற்றில் கிடந்தது. சிதம்பரத்தில் அவர் நடத்திய உள்ளூர் கேபிள் சேனலில் படங்களை வெட்டி ஒட்டி ஏற்றுவது என் வேலை. ஞாயிறு காலை கார்ட்டூன் படம் போடுவோம். அதில் சாவு, பிரிவு எது வந்தாலும் கத்தரி. யாரோ ஒரு வீட்டில் பிள்ளை அழுது இட்லி சாப்பிடவில்லை என்று போன் வந்ததிலிருந்து மனிதர் இப்படி ஆகிவிட்டார். உண்மையில் முதலில் கண்ணைத் துடைப்பவர் அவர்தான். தலை நரைத்த ஆள், பொம்மைக் கொக்குக்கு மூக்கைச் சிந்துவார்.

எனக்கோ எரிச்சலாக வரும். அதே திரையின் அடியில் என்ன ஓடும் தெரியுமா? கண்ணீர் அஞ்சலி. எங்களுக்குச் சோறு போட்டதே அந்த விளம்பரம்தான். மேலே கொக்குக் குடும்பம் சிரிக்கும், கீழே மாலை போட்ட புகைப்படம் நகரும். பார்க்கிற பிள்ளைக்குக் கண் இல்லையா என்ன? கேட்டால், "அது பெரியவங்களுக்கும்மா" என்பார். அடக் கடவுளே! ஆனாலும் அவர்மேல் கோபம் நிற்காது. எந்தப் பிள்ளையும் அழக்கூடாது என்று நினைப்பவரை எப்படித் திட்டுவது?

கொக்குப் படம் போட்ட மறுநாள், புவனகிரியிலிருந்து ஒரு பெண் கணவரின் முதலாம் ஆண்டு நினைவஞ்சலி கொடுக்க வந்தார். கூடவே ஆறேழு வயதில் மகள். அப்பா வெளிநாட்டு வேலைக்குப் போயிருப்பதாகத்தான் பிள்ளையிடம் சொல்லிவைத்திருக்கிறோம் என்று எங்களிடம் கிசுகிசுத்தார். அந்தக் குட்டி நேராக முதலாளியிடம் போய், "அங்கிள், நேத்து படத்துல அப்பா கொக்கு எங்க போச்சி?" என்றது.

"மீன் புடிக்கப் போயிருக்கு பாப்பா. வந்துடும்."

"பொய்யி. எங்க வூட்லயும் இப்படித்தான் சொல்றாங்க. போன வருஷம் எங்கப்பா போட்டோவுக்கு மாலை போட்டு நீங்கதான டிவில காட்டுனீங்க? நான் பாத்தேன்."

அந்த அம்மா அப்படியே உறைந்துபோனார். முதலாளியின் முகம் செத்துவிட்டது. என் பக்கம் திரும்பி, "வெட்டுனது இருக்கா? போடும்மா" என்றார். போட்டேன். குட்டிக் கொக்கு அப்பாவின் சிறகை அலகால் இழுத்து இழுத்துப் பார்த்து அழுதது. தாய்க் கொக்கு பக்கத்தில் வந்து நின்றது. நாங்கள் திரையைப் பார்த்தோம். அந்தப் பிள்ளை தன் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு மெதுவாகக் கேட்டது: "அம்மா, அது அழுவுது, யாரும் திட்டல. நானும் அழுவட்டுமா?"

அவர் மகளை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டார். ஒரு வருடத்து அழுகையை இரண்டு பேரும் அங்கேயே அழுது தீர்த்தார்கள். முதலாளி எழுந்து மாடிப்படிக்குப் போய்விட்டார்.

இப்போது கடலூரில் இருக்கிறேன். என் மகள் வகுப்புப் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில், குழந்தைப் படத்தில் சாவெல்லாம் எதற்கு என்று அவ்வப்போது சண்டை நடக்கிறது. படிக்கும்போதெல்லாம் அந்தப் பிள்ளை வந்துபோனதற்கு அடுத்த ஞாயிறுதான் நினைவுக்கு வருகிறது. அன்று அதே படத்தை வெட்டாமல் போட்டோம். எதிர்பார்த்தபடியே போன் அலறியது. நான் கை நீட்டுவதற்குள் முதலாளியே எடுத்தார். "என்னா சார் படம் போடுறீங்க, எம்புள்ள தேம்பித் தேம்பி அழுவுது!" என்று ஒருவர் கத்தியது எனக்கே கேட்டது.

"அழுவட்டும் சார்" என்றார் முதலாளி. "நீங்க போன வச்சிட்டு அதுகிட்ட போயி உக்காருங்க."